வலிக்கும் முன்கை, வளையும் பிக்: பூட்டுத் திறப்பில் கைப்பழக்கம்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். எட்டு மாதமாகப் பொழுதுபோக்காகப் பூட்டு திறந்து பழகுகிறீர்கள். மாஸ்டர் நிறுவனத்தின் மூன்றாம் எண் பூட்டை ரேக் என்ற அலை விளிம்புள்ள கம்பியை உள்ளும் வெளியுமாக இழுத்தே திறந்துவிடுகிறீர்கள். ஆனால் அமெரிக்கன் லாக் 1100 என்ற பூட்டை வாங்கிய நாளிலிருந்து அது ஒருமுறைகூடத் திறக்கவில்லை. சாவித்துளைக்குள் விட்டுத் தேடும் மெல்லிய கம்பிகளான பிக்குகளில் இரண்டு வளைந்துவிட்டன. அரை மணி நேரம் உட்கார்ந்தால் முன்கை வலிக்கிறது. கருவி மலிவானது என்பதுதான் காரணமா என்றும், இடக்கைப் பழக்கம் உள்ள நீங்கள் எந்தக் கையில் எதைப் பிடிக்க வேண்டும் என்றும் கேட்கிறீர்கள்.

கருவியின் மேல் பழி போடுவதற்கு முன்னால் கையைப் பார்க்க வேண்டும். வளைந்த பிக், வலிக்கும் முன்கை, திறக்காத பூட்டு ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: முறுக்குக் கொடுக்கும் கை தேவைக்கு மேல் அழுத்துகிறது. பிக் பிடித்த கைதான் பூட்டைத் திறக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கி, முதல் ஓராண்டை ஏறக்குறைய வீணாக்கினேன். அந்தக் கை செய்வது தேடும் வேலை மட்டுமே. பூட்டுக்குள் உள்ள பின் எனும் சிறு உலோகத் துண்டுகளில் எது எப்போது அசையும், அசைந்தது நிற்குமா விழுமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது சாவித்துளையில் செருகி முறுக்குக் கொடுக்கும் கம்பியான டென்ஷன் ரெஞ்சின் மேல் இருக்கும் ஒற்றை விரல்.

ஏன் என்று புரிய, பூட்டின் உள்ளே ஒரு பார்வை போதும். அமெரிக்கப் பூட்டுத் தயாரிப்பாளர் லைனஸ் யேல் இளையவர் 1861-லும் 1865-லும் காப்புரிமை பெற்ற பின் டம்ளர் அமைப்புதான் இன்றைக்கும் உங்கள் கையில் இருக்கிறது. சாவி நுழையும் உருளையைப் பிளக் என்கிறோம். அதன் துளைகளில் சாவியைத் தொடும் கீழ்ப் பின்களும், அவற்றின் மேல் ஸ்பிரிங்கால் அழுத்தப்படும் டிரைவர் பின்களும் அடுக்காக நிற்கின்றன. இரண்டு பின்களும் சந்திக்கும் இடம் பிளக்கின் விளிம்புக்கு நேராக வந்தால் அந்த அடுக்கு வழிவிடும். அந்த விளிம்பைத்தான் ஷியர் லைன் என்கிறோம். பிளக்கின் துளைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் கச்சிதமாக அமைந்திருந்தால் திருப்பும்போது எல்லாப் பின்களும் ஒரே நேரத்தில் இறுகிக்கொள்ளும், ஒவ்வொன்றாகத் திறக்க நமக்கு வழியே இருக்காது. உலோகத்தை அவ்வளவு துல்லியமாகத் துளைக்க முடிவதில்லை. ஏதோ ஒரு துளை மயிரிழை தள்ளி இருக்கும். அந்தத் துளையின் டிரைவர் பின் முதலில் சிக்கும். அதை ஷியர் லைனுக்கு மேலே ஏற்றிவிட்டால் பிளக் மயிரிழை திரும்பும், ஏறிய பின் கீழே விழாமல் அந்த விளிம்பில் உட்காரும், அடுத்த பின் சிக்கும். இப்படி ஒவ்வொன்றாக.

சிக்கிய பின் துளைச் சுவரோடு உரசுகிறது. உரசலின் அளவு, பக்கவாட்டில் எவ்வளவு அழுத்துகிறோமோ அதற்கேற்றதாக இருக்கும். ரெஞ்சை இரண்டு மடங்கு அழுத்தினால் பின்னை ஏற்றவும் ஏறக்குறைய இரண்டு மடங்கு விசை வேண்டும். அந்த விசையைத் தாங்க முடியாமல்தான் உங்கள் பிக் வளைந்தது. அதோடு இன்னொரு கேடும் உண்டு. அழுத்தம் கூடக்கூட, முதலில் சிக்கும் பின்னோடு இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து அரைகுறையாகச் சிக்கிக்கொள்ளும். அப்போது எந்தப் பின்னைத் தொட்டாலும் கெட்டியாகவே இருப்பதுபோல் தெரியும். எது முதலில் என்ற வரிசையே அழிந்துபோகும். மாஸ்டர் மூன்றாம் எண் பூட்டில் இருப்பவை நான்கே பின்கள், உள்ளே பாகங்களுக்கு இடையே தளர்வும் அதிகம் என்பதால் அது உங்கள் முரட்டு விரலை மன்னித்தது. 1100 மன்னிக்காது.

சரி, எவ்வளவு அழுத்தம் சரியானது? "இறகு போல", "மென்மையாக" என்றெல்லாம் சொல்வார்கள். அவை கையில் பிடிபடாத சொற்கள். நான் பரிந்துரைப்பது ஒரு சின்னச் சோதனை. பூட்டை ஒரு பிடிப்பானில் இறுக்கி, ரெஞ்சின் கைப்பிடி கிடைமட்டமாக வரும்படி வையுங்கள். ஒரு சிறு துணிப்பையில் பத்து ரூபாய் நாணயங்களைப் போட்டு அதன் நுனியில் தொங்கவிடுங்கள். நாணயம் ஒன்று ஏறக்குறைய 8 கிராம். ஐந்து நாணயம் போட்டால் ஏறக்குறைய 40 கிராம். விரலை எடுத்துவிட்டு, அந்தப் பை மட்டும் முறுக்குக் கொடுக்க, பிக்கால் ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பாருங்கள். சிக்கிய பின் எது, சிக்காத பின் எது என்று இவ்வளவு சிறிய எடையிலேயே தெரிவதைப் பார்த்து நீங்கள் வியப்படைவீர்கள். பிறகு அதே பூட்டில் உங்கள் வழக்கமான விரலழுத்தத்தைக் கொடுத்துப் பாருங்கள். சமையலறைத் தராசு இருந்தால் அதன் தட்டில் விரலை வைத்து, நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் அழுத்தம் எத்தனை கிராம் என்று படியுங்கள். முதல் முறை நான் படித்தபோது 300-ஐத் தாண்டியிருந்தது. மென்மையாகத்தான் அழுத்துகிறேன் என்று அதுவரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

தராசு இல்லாத நேரத்திலும் பார்க்க ஓர் அடையாளம் உண்டு. ரெஞ்சின் மேல் இருக்கும் விரலின் நகத்தைக் கவனியுங்கள். அழுத்தம் கூடினால் நகத்துக்கு அடியில் இளஞ்சிவப்பு மறைந்து வெளுக்கும். வெளுத்துவிட்டால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள். நிறம் மாறாமல், ஆனால் ரெஞ்ச் ஆடாமல் நிற்கும் அளவே வேலைக்கான அளவு.

விரல் எங்கே இருக்கிறது என்பதும் அழுத்தத்தின் ஒரு பகுதிதான். முறுக்கு என்பது விசையையும் அச்சிலிருந்து உள்ள தூரத்தையும் பெருக்கிய அளவு. ஏழு சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் அழுத்துவதைப் பாதித் தூரத்துக்கு நகர்த்தினால், அதே விரலழுத்தம் பாதி முறுக்கையே தரும். கை தன்னை அறியாமல் கனத்துப்போகும் ஆட்களுக்கு இது நல்ல மருந்து. விரலை உள்பக்கம் நகர்த்திக்கொண்டால் போதும், பழக்கம் மாறும்வரை அது காப்பாற்றும். நுண்மையாகக் கூட்டிக் குறைக்க வேண்டியபோது நுனிக்கு வர வேண்டும், ஏனென்றால் அங்கேதான் பிளக் திரும்பும் சிறு கோணம்கூட விரலுக்குப் பெரிய அசைவாகத் தெரியும். ஒரு பாகை திரும்பினால் ஏழு சென்டிமீட்டர் தள்ளி அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல். அதே அசைவை அச்சுக்குப் பக்கத்தில் விரல் வைத்து உணரவே முடியாது.

அழுத்தும் திசையில் பலர் கோட்டை விடுகிறார்கள். ரெஞ்சை நாம் தள்ளும்போது அது பிளக்கைச் சுழற்ற மட்டுமே வேண்டும். விரல் சாய்வாக இருந்தால் பாதி விசை பிளக்கை ஒரு பக்கச் சுவரோடு சேர்த்து நசுக்குவதில் போய்விடும். சுழல வேண்டிய உருளை உரசிக்கொண்டு நிற்கும், நாமோ இன்னும் அழுத்துவோம். ரெஞ்சின் நுனி சாவித்துளைக்குள் தளர்வாக இருந்தாலும் இதேதான் நடக்கும். அதனால் சாவித்துளையின் அகலத்துக்கு ஒப்ப ரெஞ்சின் நுனியை அரத்தால் தேய்த்துப் பொருத்திக்கொள்வது, புதிய பிக் வாங்குவதைவிடப் பயனுள்ள அரை மணி நேர வேலை. ரெஞ்சைச் சாவித்துளையின் எந்த ஓரத்தில் வைப்பது என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. பின்களுக்கு எதிர் ஓரத்தில் எல் வடிவ ரெஞ்சை வைப்பது பழைய முறை. பழக எளிது, ஆனால் பிக் நடமாடும் இடத்தில் பாதியை அது தின்றுவிடும். பின்கள் இருக்கும் ஓரத்தில், முதல் பின்னுக்கு முன்னால் உள்ள சிறு இடைவெளியில் தட்டையான பட்டையைச் செருகுவது இன்னொரு முறை. இடமும் கிடைக்கும், உணர்வும் கூர்மையாக இருக்கும். ரெஞ்ச் முதல் பின்னைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொண்டால் 1100-க்கு இரண்டாவது முறையே மேல் என்பது என் தீர்ப்பு.

தூண்டில் போட்டவர்களுக்கு இந்த விரலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நரம்பை விரலிடுக்கில் தளர்த்தியும் விடாமல் இழுத்தும் பிடிக்காமல் வைத்திருந்தால்தான் மீன் கொத்துவது தெரியும். இழுத்துப் பிடித்தால் அலையும் மீனும் ஒன்றாகவே தெரியும்.

இனி பிக் பிடிக்கும் கை. பேனா பிடிப்பதுபோல் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்த பிடி பெரும்பாலோருக்குப் பொருந்தும். ஆள்காட்டி விரலை பிக்கின் தண்டு மேல் நீட்டி, முடிந்தவரை சாவித்துளைக்கு அருகில் வைத்துக்கொள்வது என் பழக்கம். மோதிர விரலோ சுண்டு விரலோ பூட்டின் உடலில் ஊன்றியிருக்க வேண்டும். இந்த ஊன்றல்தான் பிடியின் உயிர். ஊன்றாத கை காற்றில் மிதக்கும். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றின் நடுக்கமும் பிக்கின் நுனிக்கு வந்து சேரும். ஊன்றிவிட்டால் அசைவு விரல்களிலிருந்து மட்டுமே பிறக்கும். கோலம் போடும்போது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை இழைக்கும் வேலையைச் செய்ய, மற்றவை ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். விரல்களுக்கு இடையிலான அந்த வேலைப் பிரிவினைதான் இங்கேயும் வேண்டும்.

அடுத்தது நெம்புவது. உங்கள் பிக்குகள் எந்த இடத்தில் வளைந்தன என்று நீங்கள் எழுதவில்லை; தண்டு கைப்பிடியோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், சாவித்துளையின் வாயில் படும் இடத்தில்தான் வளைந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். பிக்கின் தண்டைச் சாவித்துளையின் விளிம்பில் சாய்த்து, கைப்பிடியைக் கீழே அழுத்தி, நுனியை மேலே ஏற்றுகிறீர்கள். அது கடப்பாரை வேலை. வெளியே பத்து சென்டிமீட்டர், உள்ளே இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உங்கள் விரல் கொடுக்கும் விசை நுனியில் ஐந்து மடங்காகிறது. அதனால் கேடு இரட்டிப்பாகிறது. லேசாகத்தான் அழுத்துகிறோம் என்று கை சொல்லும், உள்ளே பின் நசுங்கிக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கத்தில், பின் நுனியைத் தள்ளும் விசை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தே விரலுக்கு வந்து சேரும். அதிகம் கொடுக்கிறோம், குறைவாக உணர்கிறோம்.

இதற்கு மாற்று, பிக் முழுவதையும் நேராக மேலே தூக்குவது. ஆள்காட்டி விரலும் பெருவிரலும் சேர்ந்து தண்டை இணையாக உயர்த்த, நுனியும் அதே அளவு உயரும். விசை எவ்வளவோ அவ்வளவே கைக்குத் திரும்பி வரும். முன்பக்கப் பின்களில் இதைத் தூய்மையாகச் செய்யலாம். நான்காவது, ஐந்தாவது பின்னுக்குப் போகும்போது சாவித்துளையின் வளைவுகள் இடம் தராது. கொஞ்சம் சாய்த்தே ஆக வேண்டும். அங்கே சாய்ப்பதில் தவறில்லை. நெம்புகோலாகும்போது நுனியின் அசைவு சிறியதாகிவிடுவதால், உயரத்தை நுண்மையாகக் கட்டுப்படுத்த அது உதவவும் செய்யும். சாய்க்கிறோம் என்று தெரிந்து சாய்ப்பதற்கும், தெரியாமல் நெம்பிக்கொண்டிருப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் முக்கியம்.

உயரம் என்று சொன்னதால் அளவையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஷிலேகு (Schlage) நிறுவனத்தின் கதவுப் பூட்டுகளில் சாவியின் ஒரு வெட்டுக்கும் அடுத்த ஆழத்துக்கும் உள்ள வேறுபாடு 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். இரண்டு படி தவறினாலும் ஒரு மில்லிமீட்டருக்குள்ளேதான் தவறியிருப்பீர்கள். அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. தோளிலிருந்தோ முழங்கையிலிருந்தோ பிறக்கும் அசைவால் இந்த அளவை எட்ட முடியாது.

முன்கை ஏன் வலிக்கிறது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. விரல்களுக்குள் தசை கிடையாது. விரலை மடக்கும் வலுவான தசைகள் முன்கையில் இருந்து நீண்ட நாண்கள் வழியாக இழுக்கின்றன. நுண்ணிய அசைவுக்கான சிறு தசைகள் உள்ளங்கையில் இருக்கின்றன. முன்கை வலித்தால், நீங்கள் சிறு தசைகளுக்குரிய வேலையைப் பெரிய தசைகளுக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். கருவியை முஷ்டிபோல் இறுக்குகிறீர்கள். இறுக்கிப் பிடித்த விரல் உணர்வையும் இழக்கும். பின் ஒன்று உட்காரும்போது எழும் சிறு அதிர்வைத் தோலுக்கு அடியில் உள்ள பாசினியன் நுண்ணுறுப்புகள் பிடித்துக்கொள்கின்றன. நொடிக்கு 250 முறை அளவிலான அதிர்வுக்கு அவை மிகக் கூர்மையாக இருக்கும். எஃகு அந்த அதிர்வைக் கொண்டு வருகிறது, தளர்ந்த விரல்நுனி வாங்கிக்கொள்கிறது. கைப்பிடிக்குப் பஞ்சுபோன்ற தடித்த உறை போடுவது வசதியாகத் தோன்றினாலும், அது அதிர்வை விழுங்கிவிடும். நான் சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் மெல்லிய குழாய் ஒன்றை மட்டும் போட்டுக்கொள்கிறேன். அதுவும் ஆள்காட்டி விரல் படும் இடத்தை வெறும் உலோகமாகவே விட்டுவிடுவேன்.

பின்கள் கைக்கு நான்கு விதமாகத் தெரியும். தொட்டால் ஸ்பிரிங் மட்டும் தள்ளும், துள்ளும். அது இன்னும் சிக்காத பின். தொட்டால் கல்லைத் தொட்டதுபோல் நிற்கும்; அதுவே சிக்கிய பின், வேலை அங்கேதான். லேசாக ஆடும், மேலே ஸ்பிரிங் தெரியாது. அது ஏறி உட்கார்ந்த பின். ஆடவும் ஆடாது, அழுத்தினாலும் போகாது, மற்றவை எல்லாம் தளர்ந்திருக்கும். அது அளவு மீறி ஏற்றப்பட்டு, கீழ்ப் பின்னே ஷியர் லைனைக் கடந்து சிக்கிவிட்ட நிலை. கடைசி நிலைக்கு வந்துவிட்டால் முறுக்கை விட்டுவிட்டுத் தொடங்குவதுதான் வழி. இந்த நான்கையும் பெயர் சொல்லி அடையாளம் காணும்வரை எதையும் ஏற்ற முயலாதீர்கள். பிக்கால் ஒவ்வொரு பின்னையும் தட்டிப் பார்த்து, ஒன்று துள்ளுகிறது, இரண்டு துள்ளுகிறது, மூன்று கல், நான்கு துள்ளுகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனாலும் சொல்லுங்கள், வாய் சொல்லும்போதுதான் கை பொய் சொல்வது பிடிபடும்.

இப்போது 1100-க்கு வருகிறேன். ஐந்து பின் உள்ள அந்த அலுமினியப் பூட்டின் டிரைவர் பின்கள் சாதாரண உருளைகள் அல்ல. சில, நடுவில் ஒடுங்கி நூற்கண்டு போல் இருக்கும். அவை ஸ்பூல் பின்கள். சில, பக்கமெங்கும் வரி வரியாக வெட்டப்பட்டிருக்கும். இரண்டும் நம் விரலை ஏமாற்றவே செய்யப்பட்டவை, ஆனால் ஏமாற்றும் விதம் வேறு. வரி வெட்டிய பின் ஒவ்வொரு வரியிலும் சிக்கிச் சிறு சொடுக்கு ஒன்றைத் தரும். உட்கார்ந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பின்னுக்குப் போய்விடுவோம். உண்மையில் அது பாதி வழியில் நிற்கிறது. ஒவ்வொரு சொடுக்குக்குப் பிறகும் முறுக்கைச் சற்றே தளர்த்தி அதே பின்னைத் திரும்பத் தொட்டுப் பாருங்கள். கல்லாகவே நின்றால் இன்னும் ஏற வேண்டும் என்று பொருள்.

ஸ்பூல் பின் தரும் பாடம் வேறு. அதன் ஒடுங்கிய இடுப்பு ஷியர் லைனுக்கு வந்ததும் பிளக் சட்டென்று சில பாகை திரும்பும். திறந்துவிட்டது என்று மகிழ்வோம், அங்கேயே நின்றுவிடும். அந்தப் பின்னை மேலே தள்ளினால், ஸ்பூலின் கீழ் உதடு பிளக்கை எதிர்த்திசையில் தள்ளிக்கொண்டு ஏற வேண்டும். அதாவது ரெஞ்ச் உங்கள் விரலை எதிர்த்து வரும். ஒரு விரல் முறுக்கிக்கொண்டே, எதிர்ப்பு வரும்போது விட்டுக்கொடுத்தும் இருக்க வேண்டும். முழுவதும் விட்டால் அதுவரை ஏறிய பின்கள் அத்தனையும் விழும், விடவே இல்லை என்றால் ஸ்பூல் ஏறாது. நீங்கள் எத்தனை பிக் வாங்கினாலும் இந்த விட்டுக்கொடுத்தலை அவை செய்யா. அமெரிக்கன் லாக்கில் நீங்கள் பல மாதம் தோற்றதற்கு இந்த இடமே காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். ரேக்கில் பழகியவருக்கு, எதிர்த்து வரும் ரெஞ்சை இன்னும் அழுத்திப் பிடிப்பதே இயல்பாகிவிட்டிருக்கும்.

இதைத் தனியாகப் பழக ஒரு வழி இருக்கிறது. 1100-ஐ அதன் சாவியால் திறந்து, வளையம் நுழையும் துளையின் அடியில் உள்ள திருகைக் கழற்றினால் பிளக் தொகுதி வெளியே வந்துவிடும். பின்களை எடுத்துவிட்டு ஒரே ஒரு ஸ்பூல் பின்னை மட்டும் போட்டு மூடுங்கள். ஒரு பின் பூட்டை நூறு முறை திறங்கள். எதிர்த்திசை அசைவு விரலுக்குப் பழகியதும் இரண்டாவது பின், பிறகு மூன்றாவது. ஒரு சாதாரணப் பின்னையும் ஒரு ஸ்பூலையும் கலந்து போடும்போதுதான் உண்மையான பயிற்சி தொடங்கும், ஏனென்றால் ஸ்பூலுக்காக முறுக்கைத் தளர்த்தும்போது சாதாரணப் பின் விழாமல் காக்க வேண்டும். பிரித்தெடுக்கும்போது சிறு ஸ்பிரிங்குகள் பறந்துவிடும். தட்டில் துண்டு விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். ஒருமுறை என் ஸ்பிரிங் ஒன்று அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது, தேடி எடுக்க ஒரு மாலை போயிற்று.

கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பயிற்சிப் பூட்டுகளை நான் பரிந்துரைப்பதில்லை. பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று ஒருவருக்கு விளக்க அவை நல்லவை, ஆனால் கைக்குக் கற்பிப்பதில்லை. கண் பின்னைப் பார்த்துவிடுவதால் விரல் கேட்பதை நிறுத்திவிடும். பிளாஸ்டிக்கின் உரசலும் பித்தளையின் உரசலும் ஒன்றல்ல. கண்ணை மூடிக்கொண்டு உலோகப் பூட்டில் பழகுவதே மேல்.

பூட்டைப் பிடிப்பானில் இறுக்குவதா, கையில் பிடிப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பிடிப்பானில் இருந்தால் ஒரு கை முழுவதும் ரெஞ்சுக்குக் கிடைக்கிறது, பூட்டு ஆடாது. தொடக்கத்தில் அது நல்லதே. ஆனால் கையில் பிடித்தால் பூட்டின் உடல் வழியாகவும் அதிர்வு உள்ளங்கைக்கு வரும். சில சொடுக்குகளைப் பிக் தராது, உள்ளங்கை தரும். கையில் பிடிப்பதென்றால் பூட்டைப் பெருவிரலும் கடைசி மூன்று விரல்களும் அணைத்துக்கொள்ள, ஆள்காட்டி விரல் மட்டும் தனித்து ரெஞ்சில் இருக்கட்டும். பூட்டைத் தாங்கும் விரல்கள் இறுகும்போது ஆள்காட்டி விரலும் சேர்ந்து இறுகத்தான் பார்க்கும். அவற்றைப் பிரிப்பதற்குச் சில வாரம் ஆகும். முழங்கைகளை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள், தோள் காதை நோக்கி ஏறாமல் பாருங்கள், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு விரல்களை விரித்து நீட்டுங்கள். வலி வந்த பிறகும் தொடர்ந்தால் கை தவறான அழுத்தத்தையே மனப்பாடம் செய்துகொள்ளும்.

பொறுமை குறையும்போது நான் நினைத்துக்கொள்ளும் பெயர் ஒன்று உண்டு. 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், திறக்க முடியாதது என்று பெயர் பெற்ற சப் நிறுவனத்தின் டிடெக்டர் பூட்டை அரை மணிக்குள் திறந்தார். லண்டன் பூட்டுத் தயாரிப்பாளர் ஜோசப் பிராமாவின் கடைச் சன்னலில் பல பத்தாண்டுகளாகச் சவாலாக வைக்கப்பட்டிருந்த பூட்டுக்கோ அவருக்கு 51 மணி நேரம் பிடித்தது, அதுவும் 16 நாட்களில் பரவலாக. சப் பூட்டின் சிறப்பே, பின்களுக்குப் பதிலாக உள்ளே சாவி உயர்த்தும் நெம்புதகடு ஒன்றை அளவு மீறி உயர்த்தினால் பூட்டு இறுகிக்கொண்டு திருட்டு முயற்சியைக் காட்டிக்கொடுக்கும் என்பதுதான். அளவு மீறி ஏற்றும் கையைத் தண்டிக்கவே ஒருவர் பூட்டு செய்தார் என்பதை அடுத்த முறை பின்னை அதிகம் ஏற்றிவிடும்போது நினைத்துப் பாருங்கள்.

கருவியைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கும் விடை சொல்ல வேண்டும். மலிவான பிக்குகளில் உண்மையான குறை பெரும்பாலும் இரும்பின் வலிமை அல்ல, விளிம்பின் சொரசொரப்புதான். தகட்டிலிருந்து அச்சால் வெட்டிய ஓரம் பின்மேல் உரசும்போது அது தரும் அதிர்வும் பின் தரும் அதிர்வும் கலந்துவிடும். 400-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 1000 வரை போய் ஓரங்களை மழுங்கத் தேய்த்தால் அந்தக் குறை ஏறக்குறைய தீர்ந்துவிடும். தடிமன் 0.6 மில்லிமீட்டர் உள்ள குட்டைக் கொக்கி வடிவ பிக் ஒன்றும், வளைவு மிகுந்த ஒடுங்கிய சாவித்துளைகளுக்கு 0.4 அளவில் ஒன்றும் இருந்தால் பல ஆண்டு ஓடும். இருபது வடிவம் கொண்ட பை வாங்கியவர்கள் பெரும்பாலும் அவற்றில் இரண்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். இப்போது வளைந்த பிக்கை எறியாமல் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். அது திரும்ப வளைகிறதா என்பதே உங்கள் முறுக்கு குறைந்திருக்கிறதா என்று காட்டும் சாட்சி.

இங்கே சொன்னவை அனைத்தும் பின் பூட்டுக்கு உரியவை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை எடுத்து வைத்துக்கொண்டு இதே முறையைப் பழகப் பார்க்காதீர்கள். அது நெம்புதகடுகளால் இயங்குவது, அதற்குக் கருவியும் வேறு, கொடுக்கும் விசையும் வேறு. இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. சொந்தப் பூட்டில் மட்டும் பழகுவது, அதிலும் வாசலிலோ பெட்டியிலோ பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடாமல் இருப்பது என்பது இந்தப் பொழுதுபோக்கில் உள்ளவர்கள் உலகெங்கும் பின்பற்றும் விதி. பயன்பாட்டில் உள்ள பூட்டில் பின் சிக்கிக்கொண்டால் வீட்டுக்கு வெளியே நிற்பது நீங்கள்தான். வெளிநாடு போகும்போது கருவிகளை எடுத்துச் செல்வதற்கு முன் அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஜப்பானில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த காரணமின்றி இத்தகைய கருவிகளை வைத்திருப்பதே குற்றம்.

கடைசியாக இடக்கை. பெரும்பாலோர் எழுதும் கையில் பிக்கையும் மற்றக் கையில் ரெஞ்சையும் பிடிக்கிறார்கள்; அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உங்கள் தவறு முறுக்கில் இருக்கிறது என்பதால், தேர்ந்த கையான இடக்கையை ரெஞ்சுக்குக் கொடுத்து இரண்டு வாரம் பழகிப் பாருங்கள். பிக் பிடித்த வலக்கை தொடக்கத்தில் தடுமாறும், பின்களை எண்ணுவதற்கே திணறும். ஆனால் அது முரட்டுத்தனமாக நெம்பாது, ஏனென்றால் அதற்கு நெம்பும் பழக்கமே இல்லை. ஒரே ஒரு ஸ்பூல் போட்ட பூட்டில் இந்த மாற்றத்தோடு தொடங்குங்கள். எதிர்த்து வரும் ரெஞ்சை இடக்கை விரல் விட்டுக்கொடுத்து வாங்கும் நாளில் பிக்கை வேண்டுமானால் திரும்பவும் இடக்கைக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றவில்லை, ஒன்பது ஆண்டாக எழுதும் கையில்தான் ரெஞ்சைப் பிடிக்கிறேன்.